நிறம் சொல்லும் கிளி

ஒருரோ,
அக்டோபர் 14, 2024

அன்பு மாப்பிள்ளை அப்டோனுக்கு,

சுரங்கத்து மாதா புண்ணியத்தில் நானும் உன் அக்கா நிகோலாசாவும் இங்கே சுகம். சாந்தியாகோவில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அக்கா கேட்கச் சொன்னாள். சொன்னாள் என்பது பொய். இந்தக் கடிதம் எழுதுவதே அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பாள்.

செல்போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் காகிதம் எதற்கு என்று சிரிப்பாய். கடை போன் அவள் கையில்தான் இருக்கிறது. வருகிற சேதி, போகிற சேதி எல்லாவற்றையும் அவள்தான் படிக்கிறாள். நான் எழுதப்போவது அவள் படிக்கக்கூடாத விஷயம். அதனால் எல்லை தாண்டி இக்கிகே துறைமுகத்துக்குப் பஸ் ஓட்டுகிற எலோயிடம் கொடுத்து அனுப்புகிறேன். அங்கிருந்து அவன் சாந்தியாகோ பஸ்ஸில் ஏற்றிவிடுவான்.

வியாபாரிக்குச் சுற்றி வளைக்க நேரமில்லை. கிளி சாகப்போகிறதாம்.

எந்தக் கிளி என்று கேட்டால் உன்னை உதைப்பேன். நீ இங்கே என்னோடு கடையில் இருந்தபோது, பிரவுசரோடு ஒட்டிக்கொள்கிற எக்ஸ்டென்ஷன் ஒன்று செய்து கொடுத்தாயே, அதுதான். படத்தின்மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தால் நிறத்தின் பெயரை எழுதிக் காட்டுமே. போன வாரம் கணினியைத் திறந்தேன். மேலே ஒரு பட்டையில் அறிவிப்பு: இந்த எக்ஸ்டென்ஷனுக்கு இனி ஆதரவு இல்லை, விரைவில் நிறுத்தப்படும். பக்கத்திலேயே 'நீக்கு' என்று ஒரு பொத்தான். என் வீட்டுக்குள் வந்து, உன் கிளியை நீயே கழுத்தைத் திருகிப் போடு என்று சொல்கிற மாதிரி இருந்தது.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. இரண்டும் காய்ந்த புல் மாதிரிதான் தெரியும். உலகத்தில் இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சமாசாரம். அன்றைக்கு நான் பச்சை ஜிகினாவுக்குப் பதில் சிவப்பு ஆர்டர் போட்டதை நீ பார்த்தாய், வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் கிளியைக் கொண்டுவந்து வைத்தாய். அந்த நன்றியை நான் உனக்குச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

கடைக்குள் எனக்குப் பயமில்லை. உன் அக்கா அடுக்கிய ராக்கு, எந்த நூல்கண்டு எங்கே இருக்கிறது என்று கைக்கே தெரியும். இக்கிகே மொத்த வியாபாரியின் தளத்தில் ஆர்டர் போடும்போதுதான் ஆபத்து. அங்கே படமும் ஒரு எண்ணும்தான் இருக்கும், நிறத்தின் பெயர் இருக்காது. அந்த எண்ணையும் வருஷாவருஷம் மாற்றிவிடுகிறான். நானோ கார்னிவல் உடைக்கு ஜிகினாவும் சரிகையும் விற்கிறவன். எம்ப்ராய்டரிக்காரர்கள் தெருவில் "காசியானோ கண்ணுக்குத் தப்பாது" என்று பேர் எடுத்து வைத்திருக்கிறேன். கிளி போனால் அந்தப் பேர் போகும், பின்னாலேயே கடையும் போகும்.

கிளியைப் புது விதிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடு. உனக்கு ஒரு சாயங்கால வேலை. லாமா உப்புக்கண்டம் கொஞ்சம் வைத்திருக்கிறேன், சாப்பிடு.

அன்புடன்,
உன் அத்தான் காசியானோ டிகோனா


சாந்தியாகோ,
நவம்பர் 9, 2024

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். அக்காவும் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உப்புக்கண்டம் வந்தது. தங்கியிருக்கும் இடத்தில் எல்லாரும் பங்கு கேட்டார்கள்.

கிளி விஷயம் நீங்கள் நினைக்கிற மாதிரி ஒரு சாயங்கால வேலை இல்லை. பிரவுசர்காரர்கள் விதியையே மாற்றிவிட்டார்கள். கிட்டத்தட்ட அடியிலிருந்து எழுத வேண்டும். இங்கே வேலை அதிகம், இப்போது முடியாது. புது வருஷம் பிறக்கட்டும், பார்க்கிறேன்.

அதுவரை ஒரு வழி. இப்போதுள்ள கணினியில் பிரவுசர் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்திவிடுங்கள். எப்படி என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் மொத்த வியாபாரியின் தளத்தைத் தவிர வேறெதையும் திறக்காதீர்கள், பழைய பிரவுசருக்குப் பாதுகாப்பு குறைவு. முக்கியமாக வேறு யாரையும் தொடவிடாதீர்கள்.

அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். இல்லை, கடிதம் வந்ததே தெரியக்கூடாதல்லவா, சொல்லாதீர்கள்.

அன்புடன்,
அப்டோன்


ஒருரோ,
டிசம்பர் 2, 2024

அன்பு மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் முக்கால் பக்கம்தான் இருந்தது. ஆள் இளைத்தால் கடிதமும் இளைக்குமோ என்று நினைத்தேன். உடம்பு நன்றாக இருக்கிறதா?

நீ சொன்னபடி செய்துவிட்டேன். கடைக்கணக்குக்கு வேறு கணினி வாங்கினேன். பழையதைப் பின்னறையில் வைத்து, மேலே ஒரு கம்பளித் துணி போர்த்தி, ஆர்டர் போடும்போது மட்டும் திறக்கிறேன். "பின்னாடி என்ன, வைப்பாட்டியா வச்சிருக்கீங்க?" என்று உன் அக்கா கேட்டாள். பழைய சாமான், மெதுவாகத்தான் ஓடும், பொறுமை இல்லாதவர்கள் தொட்டால் கெட்டுப்போகும் என்று சொன்னேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

கார்னிவலின் முதல் ஒத்திகை ஊர்வலம் நன்றாக நடந்தது. மொரேனாடா நடனம் ஆடுகிறவர்கள் எல்லாரும் கடைசி நேரத்தில்தான் சரக்கு கேட்கிறார்கள். கிளி இருக்கிற தைரியத்தில் சமாளிக்கிறேன்.

இன்னொன்று. அந்த அறிவிப்பைத் தட்டப்போய், கை தவறிக் கிளியின் பக்கத்துக்கே போய்விட்டேன், எல்லாரும் அதை இறக்கிக்கொள்கிற இடத்துக்கு. கிளி எனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், மாப்பிள்ளை. ஆயிரத்துச் சொச்சம் பேர் வைத்திருக்கிறார்கள். கீழே அவர்கள் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். கடையில் ஆள் நின்றதுகூடத் தெரியவில்லை. உனக்காகச் சிலதைக் காப்பி எடுத்து எழுதுகிறேன்.

குவாத்தமாலாவில் ஒரு மின்சாரத் தொழிலாளி: "வயர் படங்களை இது இல்லாமல் பார்க்க மாட்டேன். ஒருமுறை பார்த்து ஷாக் வாங்கினேன்." பரங்கியா என்ற ஊரில் ஒரு செவிலி: "பரிசோதனைத் தாளின் நிறத்தை இதுதான் எனக்குச் சொல்கிறது. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்." பராகுவேயில் ஒரு பூகோள வாத்தியார்: "என் மாணவர்களுக்கு இது தெரியாது. தெரிய வேண்டாம்." அவனும் நம்ம ஜாதிதான். கடைசியாக ஒருவன், ஊர் பேர் போடவில்லை, ஒரே வரி எழுதியிருக்கிறான்: "இதைச் செய்தவர் உயிரோடு இருக்கிறாரா?"

நான் என்ன பதில் எழுத? உயிரோடுதான் இருக்கிறான், முக்கால் பக்கக் கடிதம் எழுதுகிறான் என்று எழுதட்டுமா?

அன்புடன்,
காசியானோ


ஒருரோ,
மார்ச் 7, 2025

மாப்பிள்ளைக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் உடம்பளவில் நலம்.

கிளி செத்துவிட்டது. கொன்றது பிரவுசர்காரன் இல்லை, உன் அக்கா.

செவ்வாய்க்கிழமை சால்யா. வீடு, கடை, தராசு, தையல் மெஷின் என்று பிழைப்புத் தருகிற எல்லாவற்றுக்கும் காகிதச் சுருள் சுற்றி, பூ தூவி, பீர் தெளித்துப் பூமித்தாய்க்குப் பங்கு கொடுக்கிற நாள். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவே கடைக்குள் நின்றது. எம்ப்ராய்டரிக் கடை டோன்யா மாக்சிமா தன் பரிவாரத்தோடு வந்திருந்தாள். நான் வாசலில் பட்டாசுச் சரம் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே உன் அக்கா பின்னறைக் கதவைத் திறந்து, கம்பளியை விலக்கி, கணினிக்கு மாலை போட்டிருக்கிறாள். நான் ஓடிப்போவதற்குள் பாட்டில் கையில் இருக்கிறது. மாக்சிமா அவளிடம், மிஷினுக்கு ரெண்டு சொட்டு போதும் என்றாளாம். இவள் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"மத்ததுக்கெல்லாம் ரெண்டு சொட்டு போதும். இதுக்கு நல்லாக் குடிக்கக் குடுக்கணும். இது இல்லேன்னா நம்ம கடை ஏது?"

முழுப் பாட்டிலையும் மேலே இருக்கிற ஓட்டை வழியாக ஊற்றிவிட்டாள். உள்ளே ஏதோ சீறியது, கொஞ்சம் புகை வந்தது. கூட்டம் கை தட்டியது, பூமித்தாய் ஏற்றுக்கொண்டாளாம்.

பூமித்தாய்க்கு ஊற்றியதற்கு எப்படித் திட்ட முடியும்? நானும் கை தட்டினேன்.

ரிப்பேர் பார்க்கிறவனிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, நல்ல பீர் என்றான். வேறு எந்தக் கணினியிலும் பழைய கிளி ஏறவில்லை. புது பிரவுசர் அதை உள்ளேயே விடவில்லை. இனி உன் கையில்தான் இருக்கிறது. அடுத்த வருஷத்துக்கான ஆர்டர் இந்த மாதமே ஆரம்பம்.

காசியானோ


சாந்தியாகோ,
மார்ச் 23, 2025

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். பதில் போடாததற்கு மன்னித்துவிடுங்கள். நான் சுகம்தான்.

சால்யா கதையைப் படித்துச் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகிறது. பிறகு உங்கள் நிலைமையை நினைத்துச் சிரிப்பு நின்றுவிட்டது.

டிசம்பரில் நீங்கள் காப்பி எடுத்து எழுதிய வரிகள் என்னிடம் இருக்கின்றன. சட்டைப் பையில் வைத்து மடிப்புக் கிழிந்துவிட்டது. அந்தச் செவிலி, அந்த வாத்தியார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தே பல வருஷமாகிறது. அதில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது.

ஆனால் அத்தான், இப்போது என்னால் முடியாது. என்னிடம் இருந்த கணினி பழுதாகிவிட்டது. வேலை செய்யும் இடத்தில் சொந்தக் காரியம் பார்க்க விடமாட்டார்கள். காரணம் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வேறு யாராவது செய்தது கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அக்கா நன்றாக இருக்கிறாளா?

அப்டோன்


ஒருரோ,
ஏப்ரல் 12, 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் அக்கா நன்றாக இருக்கிறாள். நான்தான் கொஞ்சம் அடிபட்டிருக்கிறேன். உடம்பில் இல்லை.

நீ சொன்னபடி வேறு கிளிகளைத் தேடினேன். இரண்டு கிடைத்தன. ஒன்று ஆங்கிலத்தில் உளறுகிறது. இன்னொன்று நிறத்துக்குப் பதில் ஏதோ எண்ணும் எழுத்துமாகக் காட்டுகிறது. அதை வைத்துக்கொண்டு நான் பூட்டா திறக்கப்போகிறேன்? கடைசியில் நானே துணிந்தேன். போன வருஷம் பச்சை எந்த வரிசையில் இருந்ததோ, அதே வரிசையைப் பார்த்து டோன்யா மாக்சிமாவுக்கு ஜிகினா ஆர்டர் போட்டேன். அவளுடைய மொரேனாடா குழு முழுக்க மரகதப் பச்சை கேட்டிருந்தது.

பெட்டி வந்தது. கடையில் வைத்தே பிரித்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. மாக்சிமா பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். பிறகு இரண்டு கையிலும் அள்ளி எனக்கு நேரே நீட்டினாள்.

"என்ன காசியானோ, இந்த வருஷம் எங்களைத் தர்ப்பூசணி ஆட்டமா ஆடச் சொல்றீரு?"

பாதி பச்சை, பாதி சிவப்பு. எனக்கு அவள் இரண்டு கையிலும் ஒன்றேதான் தெரிந்தது.

மொத்த வியாபாரி மாற்றி அனுப்பிவிட்டான் என்றேன். உன் அக்கா என்னைப் பார்த்தாள், மாக்சிமாவைப் பார்த்தாள். சிவப்பு வேண்டும் என்று சாம்போ ஆடுகிறவர்கள் ஏற்கனவே சொல்லிவைத்திருக்கிறார்கள், குறையும் பச்சை அடுத்த பஸ்ஸில் வரும் என்று ஒரே மூச்சில் சொல்லி மாக்சிமாவைத் தேநீர் குடிக்க அழைத்துப் போய்விட்டாள். அப்படி யாரும் சொல்லிவைக்கவில்லை. அடுத்த நாள் அலைந்து திரிந்து அந்தச் சிவப்பை அவளே ஒரு குழுவின் தலையில் கட்டினாள். இந்த வீட்டில் நான்தான் வியாபாரி என்று நினைத்திருந்தேன்.

இப்போது ஆர்டர் போட உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்காரட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம், கணக்கில் மனம் போகாது என்று விரட்டிவிட்டேன். ஆனால் இப்படி எத்தனை நாள்? இன்னொரு தர்ப்பூசணி வந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒருவன் எனக்குச் சரக்குக்குப் பதிலாக ஒரு லேப்டாப் கொடுத்தான், நல்ல நிலையில் இருக்கிறது, எனக்குப் பயனில்லை. கம்பளி நூல் பொதிக்குள் வைத்து அனுப்புகிறேன். கிளியை அதில் வைத்துச் சரிபார். திருப்பி அனுப்ப அவசரமில்லை.

அதைச் சாந்தியாகோ வரை அலைக்கழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எலோய் இக்கிகே டெர்மினலிலேயே உன் கையில் கொடுத்துவிடுவான். கடிதங்களை வாங்கவும் கொடுக்கவும் நீ ஆரஞ்சுச் சட்டையும் ஹெல்மெட்டுமாக அங்கேதான் வருகிறாய், கொஞ்சம் இளைத்திருக்கிறாய் என்று அவன் சொன்னான். ஆரஞ்சு என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் எதுவும் கேட்கவில்லை. நீ எதுவும் சொல்ல வேண்டாம். நானும் இத்தனை வருஷமாக ஒன்றை மறைத்துக்கொண்டு திரிகிறவன்தானே.

நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்,
காசியானோ


இக்கிகே,
மே 4, 2025

அன்புள்ள அத்தானுக்கு,

மேலே ஊர் பேரைப் பார்த்திருப்பீர்கள். இனிமேல் அதுதான். இங்கே நான் நலம், உண்மையாகவே நலம்.

நான் வேலை செய்த நிறுவனத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூடிவிட்டார்கள். வேறு இடம் தேடினேன், கிடைக்கவில்லை. கணினியையும் விற்றேன். இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். உங்களுக்கு வரும் ஜிகினாப் பெட்டிகளைக்கூட நான் ஏற்றியிருக்கலாம். பெரிய இன்ஜினியராகத் திரும்பி வருவேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தவன், எப்போது வருகிறாய் என்று அவள் கேட்கும்போது என்ன சொல்வது? அதனால் போனே செய்யவில்லை.

லேப்டாப் நல்ல நிலையில் இருக்கிறதென்று எழுதியிருந்தீர்கள். திரையில் ஒட்டிய பிளாஸ்டிக்கே இன்னும் உரிக்கவில்லை, அத்தான். வியாபாரி பொய் சொல்வதற்கு முன் அதை உரித்திருக்க வேண்டாமா?

கிளியை ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுகிறேன். பழைய கிளி பிரவுசருக்குப் பின்னால் எப்போதும் விழித்தபடி உட்கார்ந்திருக்கும். புது விதி அதை அனுமதிப்பதில்லை. கூப்பிட்டால் எழ வேண்டும், வேலை முடிந்ததும் தூங்க வேண்டும். ஒவ்வொரு முறை எழும்போதும் முன்னே நடந்த எதுவும் அதற்கு நினைவிருக்காது. அதனால் தூங்குவதற்கு முன் தெரிந்ததையெல்லாம் ஓரிடத்தில் எழுதிவைக்கப் பழக்கிவிட்டேன். நன்றாகப் பிடித்துக்கொண்டது. என்னைவிடக் கெட்டிக்காரி.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை. பழைய கிளியின் இடத்திலேயே புதியதை வைக்க வேண்டுமானால் என் பழைய கணக்குக்குள் நுழைய வேண்டும். அதற்கான ரகசிய எண் என் பழைய ஒருரோ நம்பருக்குத்தான் வரும். அந்த சிம் கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். அது செத்து எத்தனை வருஷமோ. வேறு கணக்கில் புதிதாக வைத்தால் உங்களுக்கு வேலை நடக்கும். ஆனால் அந்த ஆயிரம் பேருக்கும் கிளி திரும்பி வந்ததே தெரியாது. பழையதை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

உங்களுக்கு மட்டும் போதுமென்றால் இந்த வாரமே முடித்துவிடுகிறேன். சொல்லுங்கள்.

அன்புடன்,
அப்டோன்


ஒருரோ,
மே 19, 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

நாங்கள் இருவரும் நலம். இருவரும் என்பதை அழுத்தி எழுதியிருக்கிறேன், ஏனென்று படி.

எனக்கு மட்டும் போதும் என்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். எலோயிடம் கொடுக்கப் போகும்போது அந்த வாத்தியார் நினைவுக்கு வந்தான். என் மாணவர்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டாம் என்று எழுதியவன். இந்நேரம் வகுப்பில் படத்தின் முன்னால் நின்று விழித்துக்கொண்டிருப்பான், நான் மாக்சிமாவின் கையைப் பார்த்து விழித்த மாதிரி. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

வீட்டில் விட்டுப்போன பொருளைப் பற்றி வீட்டுக்காரியைக் கேட்காமல் முடியுமா? உன் அக்கா கடை மூடியபின் நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். உன் பழைய சிம் கார்டு எங்காவது கிடக்கிறதா என்று, ஏதோ சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். அவள் தையல் பெட்டியைத் திறந்து ஒரு சின்ன போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சார்ஜ் முழுசாக இருந்தது.

"மாசாமாசம் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டுதான் இருக்கேன். என்னைக்காவது ஊருக்கு வந்தா நம்பர் இல்லாம என்ன பண்ணுவான்?" என்றாள். அப்புறம் கண்டுகளை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "எதுக்கு? கிளிக்கா?"

எந்தக் கிளி என்றேன்.

"போதும் விடுங்க. கல்யாணமான ரெண்டாவது வருஷம் சிவப்புல பாவாடைத் துணி கேட்டேன். பச்சையில வாங்கிட்டு வந்து, சிவப்பு உனக்கு எடுப்பா இருக்குன்னு சொன்னீங்க. அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லலியே."

அவள் ராக்கைக் காட்டினாள். பத்தொன்பது வருஷமாக அதில் ஒரு கண்டைக்கூட இடம் மாற்றவிட்டதில்லை என்றாள். மாற்றி வைத்தவர்களை வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறாள், பக்கத்துக் கடைக்காரி உதவிக்கு வந்தால்கூடத் தொடவிட்டதில்லை. நானோ அவளைப் பிடிவாதக்காரி என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். பச்சை கை எட்டும் தூரத்தில் இடப்பக்கம், சிவப்பு கீழே வலப்பக்கம். கைக்கே தெரியும் என்று உனக்கு ஜம்பமாக எழுதினேனே. அந்தக் கைக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சால்யாவில் முழுப் பாட்டிலை ஏன் ஊற்றினாய் என்று கேட்டேன். உங்களைக் காப்பாத்தின மிஷினுக்குக் கஞ்சத்தனமா பண்ண முடியுமா என்றாள். அது குடித்தால் செத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியாதாம். "அதுக்காகத்தான் அன்னைக்கு மாக்சிமாகிட்ட அவ்வளவு பொய் சொன்னேன், பாவத்தைக் கழிக்க."

உன்னைப் பற்றியும் சொல்லிவிட்டேன். இக்கிகே, ஃபோர்க்லிஃப்ட், எல்லாம். அழவில்லை. கிடங்கில் சோறு போடுவார்களா என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து பத்து மணிக்குக் கூப்பிடு. ரகசிய எண்ணை அவள்தான் படிப்பாளாம், என்னிடம் கொடுக்க மாட்டாளாம்.

அன்புடன்,
காசியானோ


இக்கிகே,
ஜூன் 22, 2025

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

முதல்முறையாக இருவர் பெயரையும் சேர்த்து எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்தீர்கள். என் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ரகசிய எண்ணுக்குக் கொஞ்ச நேரம்தான் ஆயுள். "சாப்பிட்டியாடா?" என்று அக்கா ஆரம்பித்தாள். காலையில் என்ன, நேற்று என்ன என்று போய், முதல் எண் காலாவதியாகிவிட்டது. இரண்டாவது எண்ணை மூன்று தடவை படித்தாள். முதல் தடவையே எனக்குக் கேட்டுவிட்டது. கேட்கவில்லை என்று சொன்னேன்.

கிளி இப்போது அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. பழையதை வைத்திருந்தவர்களுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தது. பாதிப் பேர் ஏற்கனவே போய்விட்டார்கள், அதற்கு நான்தான் காரணம். மீதிப் பேர் காத்திருந்தார்கள். செவிலி எழுதியிருக்கிறாள், மின்சாரக்காரர் எழுதியிருக்கிறார். அந்த ஒருவரிக்காரர், இதைச் செய்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டவர், இந்த முறையும் ஒரே வரிதான்: "இருக்கிறார்."

கிடங்கு மேற்பார்வையாளர் நான் லேப்டாப்பில் தட்டுவதைப் பார்த்துவிட்டு, சரக்குப் பதிவைச் சரிசெய்யத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். இப்போது பாதி நாள் ஃபோர்க்லிஃப்ட், பாதி நாள் அலுவலகம். இன்ஜினியர் இல்லை. ஆனால் பொய்யும் இல்லை.

நவம்பரில் முதல் ஒத்திகை ஊர்வலத்துக்கு வருகிறேன். டிக்கெட்டுக்கு எலோயிடம் சொல்லிவைத்தாயிற்று.

அன்புடன்,
அப்டோன்

கிளியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். அக்காவுக்குத் தெரியும். நீங்களே பாருங்கள்.


ஒருரோ,
ஜூலை 27, 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

நாங்கள் நலம். நீ அதைவிட நலமாக இருக்க வேண்டும்.

நீ செய்த மாற்றத்தைப் பார்த்தேன். படத்தின்மேல் அம்பை வைத்தால், முன்பெல்லாம் 'பச்சை' என்று மட்டும் சொல்லும். இப்போது 'மழை பெய்த மறுநாள் மேய்ச்சல்' என்கிறது. இன்னொன்றின்மேல் வைத்தால் 'கொய்யா உள்ளே', இன்னொன்று 'மாக்சிமா கோபப்பட்டால் முகம்'. யாருடைய வாய் என்று உடனே தெரிந்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் போனில் மணிக்கணக்காகக் குசுகுசுத்தது இதற்குத்தானா? எதிர்பார்க்கவே இல்லை, இப்போது எனக்குப் பச்சையில் எத்தனை பச்சை என்று தெரிகிறது. பராகுவே வாத்தியாருக்கு மாக்சிமா யார் என்று எப்படி விளங்கும் என்று நினைத்தேன். இது எனக்கு மட்டும், மற்றவர்களுக்கு வேறு என்று உன் அக்கா சொன்னாள். நல்லது. மாக்சிமாவுக்குத் தெரிந்தால் என் முகத்துக்கு வேறு நிறம் வந்திருக்கும்.

ஆர்டர் முழுசாகப் போட்டுவிட்டேன். உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் விரட்டவில்லை. பெட்டி வந்து, மாக்சிமா பிரித்து, ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை அந்த மௌனம் இனித்தது.

கிளியின் பக்கத்தில் நானும் எழுதினேன். நான்கு நாள் யோசித்து எழுதியது: "ஒருரோவில் ஜிகினா வியாபாரி. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. இந்தக் கிளியை முதன்முதலில் வைத்திருந்தவன் நான். காசியானோ டிகோனா." ஊர், பேர் எல்லாம் போட்டேன். தெருவில் யாராவது பார்த்தால் பார்க்கட்டும். மூன்றாம் நாள் வாத்தியார் கீழே பதில் எழுதியிருந்தான், தன் மாணவர்களிடம் சொல்லிவிட்டானாம். சிரித்தார்களாம், அப்புறம் வரைபடத்தை நிறம் நிறமாக அவனுக்குப் படித்துக் காட்டினார்களாம்.

நேற்று மொரேனாடா குழுவின் விருந்து. இந்த வருஷத்துச் சால்வையைப் பெண்கள் எல்லாரும் முதல்முறையாகப் போர்த்திக்கொண்டு வருகிற நாள். உன் அக்கா எனக்கு முன்னால் வந்து ஒரு சுற்றுச் சுற்றி, எப்படி என்றாள். இத்தனை வருஷமும் ஏதாவது ஒரு நிறத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லி, இந்த நிறம் உனக்கு எடுப்பாக இருக்கிறது என்பேன். நேற்று அப்படிச் சொல்லவில்லை.

"எடுப்பா இருக்கு. என்ன நிறம்னு தெரியல" என்றேன்.

பக்கத்தில் மாக்சிமா நின்றுகொண்டிருந்தாள், கேட்டுவிட்டாள். எனக்குக் கவலையாக இல்லை. உன் அக்கா சிரித்துக்கொண்டே கிட்ட வந்து என் காதில் நிறத்தைச் சொன்னாள். சொன்ன நேரம் பார்த்து அறுபது பேர் பாண்டு வாத்தியத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வார்த்தைகூட விழவில்லை. தலையை ஆட்டிவிட்டு அவளோடு ஆடப் போனேன்.

ஆகவே அது என்ன நிறம் என்று எனக்கு இன்னும் தெரியாது. நவம்பரிலும் அதே சால்வையைத்தான் போர்த்துவாள். வந்து பார்த்து நீ சொல்.

அன்புடன்,
உன் அத்தான் காசியானோ